எலி விழுந்தா கிளம்பு: கராச்சி பூனையிலிருந்து எங்க வீட்டுத் தரை வரை ஒரு தெள்ளுப்பூச்சியின் வரலாறு

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரம் ராஜா இல்லை, போர் இல்லை, கல்வெட்டும் இல்லை. மூணு மில்லிமீட்டர் நீளமுள்ள, றெக்கை இல்லாத ஒரு பூச்சியைப் பத்திப் பேசப் போறேன். தெள்ளுப்பூச்சி. உண்ணி இல்லைங்க, அது வேற. உண்ணி எட்டுக் கால், தோல்ல ஒட்டிக்கிட்டு உப்பும். தெள்ளு ஆறு கால், பக்கவாட்டில் தட்டையா இருக்கும், பிடிக்கப் போனா குதிச்சிடும்.

ஏன் இந்தத் தலைப்புன்னா, எங்க வீட்டுக்கே வந்திடுச்சு. கொண்டப்பநாயக்கன்பட்டியில, சேலத்திலிருந்து ஏற்காடு போற பக்கம், எங்க வீடு. அக்காவுக்குப் பிரசவம்னு அப்பா அம்மா ரெண்டு மாசம் பெங்களூர் வந்திருந்தாங்க. நாய் மணியையும் பூனை இட்லியையும் பக்கத்து வீட்டு அத்தை பாத்துக்கிட்டாங்க. வீடு பூட்டியே கிடந்தது. திரும்பப் போய்க் கதவைத் திறந்து உள்ளே கால் வெச்ச கொஞ்ச நேரத்திலேயே அம்மாவுக்குக் கணுக்காலைச் சுத்தி வரிசையா தடிப்பு. வீட்டில் ரெண்டு மாசமா ஒரு உயிரும் இல்லை. அப்புறம் இது எங்கிருந்து வந்தது?

அடுத்தது நான் பண்ணின முட்டாள்தனம். நாய்க்கு முதுகில் விடுற மருந்து ஒண்ணு இருந்தது. மணிக்கு விட்டேன். மிச்சத்தைப் பூனைக்கும் கொஞ்சமா விட்டேன். நாலு மணி நேரத்தில் இட்லிக்கு உடம்பெல்லாம் நடுக்கம், வாயில் நுரை. அந்த மருந்தில் பெர்மெத்ரின் இருந்திருக்கு. நாயோட கல்லீரல் அதை உடைச்சு வெளியே தள்ளிடும், பூனையோட கல்லீரலால முடியாது. கால்நடை மருத்துவர் குளிப்பாட்டி, ஊசி போட்டு, ரெண்டு ராத்திரி வெச்சிருந்து காப்பாத்தினார். அட்டையில் பூனைக்குப் போடாதேன்னு படத்தோட போட்டிருந்தது. நான் படிக்கலை. ரிலீஸ் நோட்ஸ் படிக்காம டெப்ளாய் பண்றவன் புத்தி வேற எப்படி இருக்கும்.

அந்த டாக்டர் போகும்போது ஒண்ணு சொன்னார். "தம்பி, நாய் மேல நீங்க பாக்குறது நூத்துக்கு அஞ்சுதான். மீதி தொண்ணூத்தஞ்சு முட்டையா, புழுவா, கூடா உங்க வீட்டுத் தரையில கிடக்கு."

ராத்திரி அம்மாயிகிட்ட இதைச் சொன்னேன். அவங்க அலட்டிக்கவே இல்லை. "எலி விழுந்தா வீட்டை விட்டுக் கிளம்பிரணும்னு எங்கம்மா சொல்லும்" அப்படின்னாங்க. நான் தெள்ளைப் பத்திப் பேசினா இவங்க எதுக்கு எலிக்குப் போறாங்கன்னு முதல்ல புரியலை. புரிஞ்சதும் இந்த எபிசோட் எழுத உட்கார்ந்தேன்.

1896 செப்டம்பர். பம்பாய் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. கடும் காய்ச்சல், தொடை இடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டும், பாதிக்கு மேல் சாவு. அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களை இது கொன்றது. 1907ஆம் ஆண்டில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல்.

கிருமி எதுவென்று அதற்கு முன்பே தெரியும். 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் கண்டுபிடித்திருந்தார். அது மனிதனுக்குள் எப்படி வருகிறது என்பதுதான் தெரியாது. அழுக்குத் தரை, கெட்ட காற்று, நோயாளியின் துணி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தெரியாத இடத்தில் அரசாங்கம் என்ன செய்யும்? தெரிந்ததைச் செய்யும். பம்பாயில் சாக்கடைகளில் கார்பாலிக் அமிலம் கலந்த தண்ணீரை அடித்து ஊற்றினார்கள். வீட்டு ஓட்டைப் பிரித்து வெயில் விட்டார்கள். சுண்ணாம்பு அடித்தார்கள், சாமான்களைக் கொளுத்தினார்கள். 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. கொரோனா நேரத்தில் நம்ம மேல பாய்ஞ்சதும் அதே சட்டம்தான். புணேயில் சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்து சோதனை போட்டார்கள், பெண்களையும் விடவில்லை. அந்த ஆத்திரத்தில் 1897 ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள்.

இத்தனையும் நடக்கும்போது உண்மையான கடத்தல்காரன் தரையிலிருந்து நாலு இஞ்சு உயரத்தில் குதித்துக்கொண்டிருந்தான்.

சாக்கடையில் அமிலம் ஊற்றினால் அங்கிருக்கும் எலி என்ன செய்யும்? பக்கத்துத் தெருவுக்கு ஓடும். போகும்போது தன் உடம்பில் இருக்கும் தெள்ளையும் எடுத்துக்கொண்டு போகும். நோயை விரட்டுவதாக நினைத்து அதற்கு வண்டி கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போ கதைக்குள்ள ஒரு பூனை வருது.

பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர். பாஸ்டர் நிறுவனம் அவரை இந்தியாவுக்கு அனுப்பியது. அவர் கவனித்தது ஒரு கம்பளித் தொழிற்சாலைச் சம்பவம். காலையில் வேலைக்கு வந்தவர்கள் தரை முழுக்கச் செத்த எலிகளைப் பார்த்தார்கள். இருபது தொழிலாளர்களைக் கூட்டிப் பெருக்கச் சொன்னார்கள். மூன்று நாளில் அதில் பத்து பேருக்குப் பிளேக். பெருக்காத மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. இன்னொன்றும் பார்த்தார். செத்து வெகு நேரமான எலியைத் தொட்டால் ஆபத்தில்லை, அப்போதுதான் செத்த எலிதான் ஆபத்து. அப்படியென்றால் சூடு போகப் போக எலியை விட்டு ஏதோ ஒன்று இறங்கிப் போகிறது.

நம்ம பாஷையில சொன்னா, எரர் எப்போ வருது, எப்போ வரலைன்னு லாக் பாத்து பக்-ஐ நெருங்கின மாதிரி.

1898 ஜூன் 2. கராச்சியில் ஒரு ஹோட்டல் அறை. பிளேக் வந்த வீட்டில் பிடித்த நோயுற்ற எலி ஒன்றை மணல் போட்ட பெரிய கண்ணாடிச் சாடியில் விட்டார். எலி மேல் தெள்ளு இருந்தது, ஆனால் போதுமா என்று சந்தேகம். ஹோட்டலில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பூனையைப் பிடித்து, அதன் மேலிருந்த தெள்ளுகளை எடுத்து எலி மேல் விட்டார். ஆமாங்க, ஹோட்டல் பூனை! எலி சாகும் தறுவாயில், கம்பி வலைக்கூண்டுக்குள் ஆரோக்கியமான இன்னொரு எலியைச் சாடிக்குள் இறக்கினார். ரெண்டு எலியும் தொட்டுக்கொள்ள முடியாது, தெள்ளு மட்டும் கம்பிக்கு நடுவே போகலாம். முதல் எலி மறுநாள் செத்தது. ஆறாம் நாள் இரண்டாவது எலியும் பிளேக்கில் செத்தது.

அதே ஆண்டு அதைக் கட்டுரையாக வெளியிட்டார். யாரும் நம்பவில்லை. அப்போது இந்தியாவில் விசாரணை நடத்திக்கொண்டிருந்த பிளேக் கமிஷன், ரத்தம் உறிஞ்சும் பூச்சிகளைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தது. ஆறேழு வருஷம் கழித்து, கிளென் லிஸ்டனும் அவருக்குப் பின் புதிய ஆய்வுக் குழுவும் பம்பாயில் அதே கேள்வியைக் கையில் எடுத்தார்கள். சிறு குடிசை மாதிரி அறைகள் கட்டி, அதில் கினிப்பன்றிகளைக் கூண்டில் தொங்கவிட்டார்கள். தரையிலிருந்து ரெண்டு இஞ்சு உயரத்தில் தொங்கிய கினிப்பன்றிக்குப் பிளேக் வந்தது. ரெண்டு அடி உயரத்தில் தொங்கியதற்கு வரவில்லை. அது கெட்ட காற்றாக இருந்தால் ரெண்டடி ஏறத் தெரியாதா? எலித்தெள்ளுக்கு நாலஞ்சு இஞ்சுக்கு மேல் குதிக்க வராது.

எங்கம்மாவுக்குக் கணுக்காலில் மட்டும் ஏன் கடின்னு இப்ப புரியுதா.

இதுக்குள்ள பிளேக் நம்ம பக்கம் வந்தாச்சு. 1898 ஆகஸ்டில் ஹூப்ளிப் பக்கமிருந்து ரயில் வழியாகப் பெங்களூரை எட்டியது. அன்றைக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாம் சேலம் மாவட்டம்தான். மைசூர் எல்லையை ஒட்டிக்கொண்டிருந்த சேலமும் கோயம்புத்தூரும் தப்ப வழியே இல்லை. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே இன்றும் கோயில் உண்டு.

மதராஸ் மாகாணத்தின் பதில் என்ன தெரியுமா? பாஸ்போர்ட். நோய் உள்ள ஊரிலிருந்து ரயிலில் வருகிறவரிடம் போகுமிடத்தை எழுதி வாங்கி ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். போன ஊரில் பத்து நாள் தினமும் அதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டும். 2020இல் சேலத்திலிருந்து சென்னை போக இ-பாஸ் வாங்கின தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மனுஷனைப் பத்து நாள் கண்காணித்தார்கள். அதே ரயிலில் தானிய மூட்டைக்குள் வந்த எலியிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை.

சேலம் நகரத்தின் மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்க. 1901இல் 70,621. 1911இல் 59,153. 1921இல் 52,244. இருபது வருஷத்தில் நகரம் நாலில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. இந்தச் சரிவு முழுவதையும் ஒரு பூச்சி தலையில் கட்டக் கூடாது. 1918 இன்ஃப்ளூயன்சா இருக்கிறது, பஞ்சம் இருக்கிறது, நோய்க்குப் பயந்து ஊருக்கு வெளியே போய்த் தங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்துச் சேலத்துக்காரருக்கு எலி செத்து விழும் சத்தம் என்ன அர்த்தம் என்று தெரிந்திருந்தது.

அம்மாயியோட அம்மா சொன்னது இதுதான். கூரையிலிருந்து எலி விழுந்தால், கஞ்சிப் பானையையும் பாயையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்க் குடிசை போடு. எந்தக் கமிஷனும் இதைச் சொல்லித்தரவில்லை. கிருமி தெரியாது, தெள்ளு என்று காரணமும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அதில் சரியான கணக்கு இருக்கிறது. எலி செத்ததும் பசித்த தெள்ளு அடுத்த சூடான உடம்பைத் தேடும். அந்த நேரத்தில் அந்த உடம்பு அங்கே இருக்கக் கூடாது. இமயமலை அடிவாரக் குமாவோனிலும் கிராமத்தார் இதையே செய்தார்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவுகள் உண்டு. பெரியவங்க சொன்னதெல்லாம் விஞ்ஞானம்னு வாட்ஸ்அப்பில் வர்ற ரகம் எனக்கு ஒத்துவராது. ஆனா இந்த ஒரு விஷயத்தில், சாக்கடை கழுவின அதிகாரியை விடக் காட்டுக்குப் போன பாட்டி தெள்ளுக்குக் கிட்டத்தில் இருந்தாங்க.

அடுத்து எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. சேலத்தையும் கோயம்புத்தூரையும் அடிச்ச பிளேக், மதராஸ் நகரத்தை ஏன் பெரிசா தொடவே இல்லை? துறைமுகம் இருக்கு, எலி இருக்கு, நெரிசல் இருக்கு. இருந்தும் அங்கே அது பரவலை.

விடை கொழும்பிலிருந்து வந்தது. அங்கே நகரசபையில் நுண்ணுயிரியலாளராக இருந்தவர் பேபியன் ஹர்ஸ்ட். அதுவரை எல்லோரும் எலித்தெள்ளு என்றால் ஒரே ரகம் என்று நினைத்தார்கள். உண்மையில் ரெண்டு ரகம், பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும், நுண்ணோக்கியில்தான் பிரிக்க முடியும். ஒன்று கியோபிஸ். தெள்ளு சேகரிப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருந்த லண்டன் வங்கிக் குடும்பத்து சார்லஸ் ரோத்ஸ்சைல்ட் 1903இல் பிரமிடு கட்டிய எகிப்திய மன்னனின் பெயரை அதற்கு வைத்தார். (பணம் இருந்தா எதை வேணா சேகரிக்கலாம்.) இன்னொன்று ஆஸ்டியா. அதற்கும் 1911இல் பெயர் வைத்தவர் அவரே.

1914இல் கொழும்பில் பிளேக் வந்தது. ஊரின் எலிகளில் பெரும்பாலும் ஆஸ்டியா. ஆனால் நோய் மையம் கொண்ட தானியக் கிடங்குப் பகுதியில் கியோபிஸ். வெளியூர் மூட்டைகளோடு அது வந்திருக்கும் என்பது ஹர்ஸ்ட் வாதம். 1920களின் தொடக்கத்தில் ராணுவ மருத்துவர் கிராக் இந்தியா முழுக்க எலித்தெள்ளுகளை எடுத்து எண்ணிப் பார்த்தபோது மதராஸ் நகரத்திலும் அதே கதை: ஆஸ்டியா நிறைய, கியோபிஸ் குறைவு.

ரகத்துக்கு ரகம் ஏன் வித்தியாசம்? 1914இல் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் பேகாட்டும் மார்ட்டினும் தெள்ளின் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். பிளேக் கிருமி பெருகித் தெள்ளின் தொண்டைக்குக் கீழே தக்கை மாதிரி அடைத்துவிடுகிறது. உறிஞ்சிய ரத்தம் உள்ளே போகாமல், கிருமியோடு கலந்து கடிபட்டவர் உடம்புக்கே திரும்புகிறது. வயிறு நிறையாத தெள்ளு வெறி பிடித்த மாதிரி திரும்பத் திரும்பக் கடிக்கும். இந்த அடைப்பு கியோபிஸுக்குச் சீக்கிரம் வரும், ஆஸ்டியாவுக்கு அவ்வளவு எளிதில் வராது. அதோடு ஆஸ்டியாவுக்கு மனித ரத்தத்தில் ஆர்வமும் குறைவு.

சென்னை தப்பினதுக்கும் சேலம் மாட்டிக்கிட்டதுக்கும் நடுவில் இருந்தது ஒரு பூச்சியோட தொண்டைக்குழி. நிர்வாகத் திறமைன்னு யாராவது பெருமையடிச்சா நம்பாதீங்க.

தெள்ளுதான் காரணம் என்று ஒப்புக்கொண்ட பிறகும் பல ஊர்களில் எலிக்கு விலை வைத்து அடித்துக் கொன்றார்கள். எலி செத்தால் தெள்ளு சாகாது, வேறு உடம்பு தேடும். எலியையும் தெள்ளையும் சேர்த்துக் கொல்ல வேண்டும் என்பதால்தான் பிறகு எலி வளைக்குள் கால்சியம் சயனைடு தூளை ஊதும் முறை வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் திரும்பத் திரும்பத் தலைகாட்டிய பிளேக்கை ஜார்ஜும் வெப்ஸ்டரும் ஆராய்ந்து 1934இல் வெளியிட்ட அறிக்கை, தென்னிந்தியப் பிளேக் பற்றிப் படிப்பவர்கள் தாண்ட முடியாத ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி வந்தது. எலி ஓடும் வழியிலும் தரையிலும் தூவினால் தெள்ளு சாகும், எலி தப்பினாலும் பரவாயில்லை. முதல் தடவையாக மருந்து சரியான இடத்துக்குப் போனது. 1966க்குப் பிறகு இந்தியாவில் மனிதருக்குப் பிளேக் வந்ததாகப் பதிவே இல்லாமல் இருந்தது, 1994 வரை.

1994 என்றதும் எல்லோருக்கும் சூரத் ஞாபகம் வரும். ஆனால் அதற்கு முன்பே, ஆகஸ்டில், மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் மாம்லா என்ற சின்ன ஊர். 1993 செப்டம்பர் 30 அன்று லாத்தூர், கில்லாரிப் பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்குப் பிறகு பயத்தில் அந்த வட்டாரத்தில் பலர் வீட்டுக்குள் படுக்காமல் வெளியே தங்கினார்கள். தானியம் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. எலி பெருகியது. அடுத்த ஆகஸ்டில் மாம்லாக்காரர்கள் முதலில் சொன்ன புகார்கள் ரெண்டு: எலி செத்து விழுகிறது, வீட்டில் தெள்ளுத் தொல்லை தாங்க முடியவில்லை. காய்ச்சலும் நெறிகட்டலும் அப்புறம்தான்.

பூட்டின வீடு, திரும்பி வர்ற ஜனம், தெள்ளு. எங்க வீட்டுக் கதை மாதிரியே இருக்கில்ல? பயப்படாதீங்க. நாய் பூனை மேல இருக்கிறது வேற தெள்ளு, வீட்டில எலி எதுவும் விழலை. ஆனா இயந்திரம் ஒண்ணுதான்.

அந்த இயந்திரம் இப்படி. நாய் மேலிருக்கும் பெண் தெள்ளு ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முட்டை வரை போடும். முட்டை ஒட்டாது, நாய் படுக்கிற இடத்தில் உதிரும். புழு வெளிச்சத்தை வெறுக்கும், பாய்க்கடியிலும் சோபா இடுக்கிலும் ஒளிந்துகொள்ளும். பெரிய தெள்ளின் கழிவில் இருக்கும் காய்ந்த ரத்தம்தான் அதற்குச் சாப்பாடு. பிறகு பிசுபிசுப்பான கூடு கட்டும், அதில் தூசி ஒட்டி கண்ணுக்கே தெரியாது. அந்தக் கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும். தரை அதிர்ந்தால், சூடு பட்டால், மூச்சுக் காற்றின் கரியமில வாயு வந்தால், ஆள் வந்தாச்சு என்று வெளியே குதிக்கும். ரெண்டு மாசம் பூட்டிய வீட்டுக்குள் அம்மா வெச்ச முதல் அடிதான் அந்த அலாரம்.

கூட்டுக்குள்ள இருக்கிறதை எந்த மருந்தும் லேசில் தொடாது. அதனால ஒரே நாளில் முடிக்கிற வேலை இல்லை இது. டாக்டர் எடை பாத்து எழுதிக் கொடுத்ததை மணிக்கும் இட்லிக்கும் தனித்தனியா, மாசம் தவறாம போட்டோம். தினமும் வேக்குவம் போட்டு, பையைக் கட்டி உடனே வெளியே எறிஞ்சோம். அந்த அதிர்வுலயே கூட்டிலிருந்து தெள்ளு வெளியே வரும், அது நல்லதுதான். படுக்கை விரிப்பெல்லாம் கொதிக்கிற தண்ணியில். பாயும் மெத்தையும் மொட்டை மாடி வெயிலில். காய்ஞ்ச சூட்டில் முட்டையும் புழுவும் பிழைக்காது, பிளேக் எப்பவும் கோடை ஏற ஏற அடங்கினதுக்கும் இது ஒரு காரணம். புழு வளர்ச்சியை நிறுத்துற மருந்தை சோபா அடியிலயும் இடுக்குகள்லயும் அடிச்சோம். பக்கத்து வீட்டு அத்தை சீத்தாப்பழ விதையை அரைச்சுத் தடவச் சொன்னாங்க. பேனுக்குப் பழைய வைத்தியம்தான், ஆனா கண்ணில் பட்டா கருவிழியைப் புண்ணாக்கிடும். வேண்டாம்னுட்டேன், அத்தைக்குக் கொஞ்சம் கோவம்.

அளக்காம எதையும் நம்ப மாட்டேன், தொழில் அப்படி. வெள்ளை சாக்ஸ் முழங்கால் வரை போட்டுக்கிட்டு எல்லா ரூமிலும் ரெண்டு ரெண்டு நிமிஷம் நடந்து, சாக்ஸ்ல எத்தனை கறுப்புப் புள்ளின்னு எண்ணி ஷீட்டில் ஏத்தினேன். முதல் வாரம் பதினேழு. ரெண்டாவது வாரம் இருபத்தி மூணு! எல்லாம் வீண்னு அப்பா சொல்லிட்டார். கூட்டிலிருந்து பாக்கியெல்லாம் வெளியே வருது, பொறுங்கப்பான்னேன். அஞ்சாவது வாரம் ஆறு. ஒன்பதாவது வாரம் ஒண்ணு. பதினோராவது வாரம் பூஜ்யம்.

அம்மாயி இதையெல்லாம் திண்ணையில உட்கார்ந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க. நான் சாக்ஸோட நடக்கிற கூத்து அவங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. பூஜ்யம்னு சொன்ன அன்னிக்கு, "இட்லி எங்கடா?"ன்னு கேட்டாங்க. மொட்டை மாடியில, காயப்போட்ட மெத்தை மேல தூங்கிட்டிருந்தது.